கோலாவா, மரக் கங்காருவா? ஆஸ்திரேலியாவில் எதைத் தேடிப் போகலாம்

மெல்பர்னிலோ சிட்னியிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் எப்படியும் ஒரு நாளை விலங்குகளுக்கென்று ஒதுக்குவார்கள். அந்த நாள் பெரும்பாலும் ஏதாவது ஒரு மிருகக்காட்சி சாலையிலேயே முடிந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் கோலா தூங்கும், இந்தப் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம். அங்கே மரத்தில் வாழும் பை விலங்குகளை, அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வளர்ப்பவற்றை, காட்டிலேயே பார்க்க முடியும். சிலவற்றை ஊருக்குள் இருக்கும் பூங்காவிலேயே பார்க்கலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று டிக்கெட் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். நல்ல பெரிய கோலாக்கள் தெற்கே விக்டோரியாவில் இருக்கின்றன. மரக் கங்காருவோ வடகோடியில் கெய்ர்ன்ஸ் பக்கத்து மலைக்காட்டை விட்டால் அந்த நாட்டில் வேறெங்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே விமானத்திலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நான் இவற்றை உடலை வைத்தே ஒப்பிடுகிறேன். எவ்வளவு பெரிசு, வால் உண்டா, கை கால் எப்படி அமைந்திருக்கிறது, பகலில் கண்ணில் படுமா என்பதெல்லாம் தெரிந்துவிட்டால், எதைப் பார்ப்பது சுலபம், எதற்கு மெனக்கெட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கோலா

முதலில் அளவு. தலையிலிருந்து பிட்டம் வரை 60 முதல் 85 சென்டிமீட்டர். எடை 4 கிலோவிலிருந்து 15 கிலோ வரை போகும். பார்வைக்குத் தெரிகிற வால் கிடையாது. கரடி என்று சொல்லியே பழகிவிட்டோம், ஆனால் கரடிக்கும் இதற்கும் உறவே இல்லை. தரையில் வளை தோண்டி வாழும் வாம்பட்தான் இதன் நெருங்கிய சொந்தம்.

கோலா மரத்தில் எப்படி விழாமல் தூங்குகிறது என்று கேட்காத குழந்தை இருக்காது. அதன் முன்னங்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஐந்து விரல்களில் முதல் இரண்டும் ஒரு பக்கம், மற்ற மூன்றும் எதிர்ப்பக்கம். நமக்கு ஒரு கையில் ஒரு கட்டைவிரல் என்றால் அதற்கு இரண்டு. நடுவில் விழுகிற இடைவெளியில் கிளையை வைத்து இறுக்கிக்கொள்ளும். விரல் நுனிகளில் நமக்கு இருப்பதுபோலவே ரேகைகள் உண்டு. பின்னங்காலில் பெருவிரலுக்கு நகமே கிடையாது. அது பிடிப்பதற்கு மட்டும். அடுத்த இரண்டு விரல்கள் தோலால் ஒட்டி ஒன்றாகியிருக்கும், நுனியில் மட்டும் இரண்டு நகங்கள் தனித்தனியே நீட்டியிருக்கும். மயிரைக் கோதுவதும் உண்ணி எடுப்பதும் அந்த ஜோடி நகங்களால்தான். தாழ்ந்த கிளையில் ஒரு கோலா கிடைத்தால் முகத்தைப் பார்த்து முடித்த பிறகு அந்தக் கையையும் காலையும் நிதானமாகப் பாருங்கள். நகம் மரப்பட்டையில் எப்படிக் குத்தி நிற்கிறது, தூக்கத்திலும் பிடி தளராமல் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் போட்டோவில் பிடிபடாது.

வால் இல்லாததற்கும் பொருள் உண்டு. தாவித் திரிகிற விலங்குக்குத்தான் வால் வேண்டும். கோலா மரக்கவட்டையில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறது. ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கியும் ஓய்ந்தும் கிடக்கும். யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நஞ்சு அதிகம். அதைச் செரிக்க 2 மீட்டர் வரை நீளமுள்ள குருட்டுக்குடலும், அதற்குள் வாழும் நுண்ணுயிரிகளும் வேண்டியிருக்கின்றன. அந்த நுண்ணுயிரிகள் பிறக்கும்போது குட்டியின் வயிற்றில் இருப்பதில்லை. பிறக்கும்போது அதன் நீளமே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான், எடை ஒரு கிராம்கூட இராது. பைக்குள் சுமார் ஆறு மாதம் பால் குடித்து வளர்ந்து, வெளியே தலையை நீட்டும் பருவத்தில் தாயின் குடலிலிருந்து வரும் ஒருவகைக் கூழைத் தின்னும். நுண்ணுயிரிகள் அதன் வழியாகத்தான் குட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. கங்காருவைப் போல் மேல்நோக்கித் திறக்காமல் கோலாவின் பை கீழ்நோக்கித் திறந்திருப்பது இதற்கு வசதியாகவும் இருக்கிறது.

இந்த இலை நமக்கும் அந்நியமில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் தைலம் எடுக்கிற நீல யூகலிப்டஸ் மரம் விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் இயற்கையாக வளர்வது. விக்டோரியாவின் தென்மேற்கில் இதே மரத்தைத் தோட்டம் தோட்டமாகப் போட்டிருக்கிறார்கள். அங்கே கோலாக்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன.

வடக்கா, தெற்கா

கோலா என்று முடிவு செய்தவர்கள் அடுத்து இதையும் யோசிக்க வேண்டும். ஒரே இனம்தான், ஆனால் வடக்கே போகப் போக உடம்பு சிறுத்துக்கொண்டே வரும். விக்டோரியாவில் வளர்ந்த ஆண் கோலா சராசரியாக 12 கிலோ இருக்கும், பெண் 8 கிலோவைத் தாண்டும். குவீன்ஸ்லாந்தில் ஆண் ஆறரைக் கிலோ, பெண் 5 கிலோ. கிட்டத்தட்ட பாதி! மயிரும் மாறும். தெற்கத்திக் கோலாவுக்கு அடர்ந்த நீள மயிர், பழுப்பு கலந்த நிறம், காதில் கொத்துக் கொத்தாக வெள்ளை. வடக்கத்தியது குட்டை மயிரோடு வெளிர்சாம்பல் நிறத்தில் இருக்கும். காரணம் குளிரும் வெயிலும்தான். பெரிய உடம்பு சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும், சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். வெயில் கொளுத்துகிற நாளில் கோலா அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடப்பதும் இதற்காகத்தான். மரத்தண்டு காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். வயிற்றை அதன்மேல் ஒட்டவைத்து உடம்பைத் தணித்துக்கொள்கிறது.

அந்த அடர்ந்த மயிரே அதற்கு எமனாகவும் ஆனது. தோல் வியாபாரத்துக்காக லட்சக்கணக்கில் சுட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் 1927-இல் அரசே அனுமதி கொடுத்து ஒரே மாதம் நடந்த வேட்டையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் போயின. விக்டோரியாவில் அதற்கு முன்பே ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார்கள். பிரெஞ்ச் தீவில் கொண்டுபோய் விடப்பட்டிருந்த சிறு கூட்டம் பெருகியதால்தான் தப்பித்தது. இன்று விக்டோரியாவில் நாம் பார்க்கும் கோலாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

இன்றைய நிலைமை இரண்டு பக்கமும் வேறு வேறு. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா பகுதிக் கோலாக்களை 2022 பிப்ரவரியில் அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அறிவித்துவிட்டார்கள். விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் அந்த அறிவிப்பு இல்லை; சில இடங்களில் அவை அளவுக்கு மீறிப் பெருகி, இருக்கும் மரங்களையே மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடந்ததும் உண்டு. விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் அது நடந்தது.

அதனால் கோலாவுக்கென்று போவதானால் நான் தெற்கைத்தான் சொல்வேன். உடம்பு பெரிசு, எண்ணிக்கை அதிகம், கண்டுபிடிப்பது எளிது. விக்டோரியாவுக்குள் இரண்டு இடங்கள் சட்டென்று நினைவுக்கு வரும். ஒன்று கிரேட் ஓஷன் ரோட்டில் இருக்கும் கென்னட் ரிவர். எல்லா டூர் பஸ்களும் அங்கே நிற்கும்; கூட்டத்தின் சத்தம் எனக்கு ஒத்துவராது, அந்தக் கோலாக்களுக்கும் நல்லதில்லை. மற்றொன்று மெல்பர்னுக்குக் கிழக்கே 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரேமண்ட் தீவு. பெயின்ஸ்வில் என்ற சிற்றூரிலிருந்து படகில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. நடந்து போகிறவர்களுக்குப் படகுக் கட்டணம் இல்லை. 1950-களில் கொண்டுவந்து விட்ட கோலாக்களின் பரம்பரை அங்கே வீதி ஓர மரங்களிலேயே உட்கார்ந்திருக்கும். தரை மட்டமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் தாராளமாக நடக்கலாம். தூரம் கூடுதல்தான், ஆனாலும் பெற்றோரோடு போகிறவர்களுக்கு அதுவே பொருத்தம்.

வடக்கத்திக் கோலாதான் பார்க்க வேண்டும் என்றால் குவீன்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் கரைக்கு எதிரே உள்ள மேக்னடிக் தீவுக்குப் போகலாம். அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலக் கோட்டைகளுக்கு ஏறும் பாதை பெயர் பெற்றது. போய்வர சுமார் 4 கிலோமீட்டர் ஏற்றமும் இறக்கமும். வெயில் ஏறும் முன் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

கோலாவைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கும் ஆசை பலருக்கு உண்டு. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் அதற்கு அனுமதி இல்லை. குவீன்ஸ்லாந்தில் அனுமதி உண்டு. ஆனால் அங்கேயும் 1927 முதல் இயங்கும் பிரிஸ்பேன் லோன் பைன் சரணாலயம் 2024-இல் அதை நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஒரு நாளில் பெரும்பகுதி ஓய்ந்து கிடந்தால்தான் பிழைக்க முடியும் என்று அமைந்த உடம்பைக் கைக்குக் கை மாற்றக் கூடாது.

மரக் கங்காரு

ஒரே ஒரு விலங்குக்காகத்தான் பயணம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கங்காருவின் கதையே விசித்திரமானது. அதன் பழைய முன்னோர்கள், மரமேறும் சிறிய பை விலங்கான போசம் போன்றவை, மரத்தில்தான் வாழ்ந்தன. அவை தரைக்கு இறங்கி, துள்ளி ஓடும் நீண்ட பின்னங்கால்களோடு கங்காரு ஆயின. அப்புறம் அந்தக் கங்காருக்களிலேயே ஒரு கிளை, பாறைகளில் தாவும் வாலபி என்ற சின்னக் கங்காருக்களின் உறவு, மறுபடியும் மரம் ஏறிவிட்டது. துள்ளுவதற்கென்று அமைந்த உடம்பை மரம் ஏறுவதற்குத் திருத்தி எழுதியிருக்கிறது இயற்கை. அந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன.

தரைக் கங்காருவுக்கு முன்னங்கை சிறுத்து, பின்னங்கால் நீண்டிருக்கும். மரக் கங்காருவின் முன்னங்கை நீண்டு தடித்து, தோள் திரண்டிருக்கும். பின்னங்கால் குட்டையாகிப் பாதம் அகன்றிருக்கும். உள்ளங்காலில் சொரசொரப்பான மெத்து, விரல்களில் வளைந்த நீள நகங்கள். தரைக் கங்காரு துள்ளும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்தே வைக்கும். இது கிளைமேல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடக்கும், பின்னோக்கியும் நடக்கும். உடம்பைவிட நீளமான வால் இருந்தும், போசம்போல் அதைக் கிளையில் சுற்றிப் பிடிக்கத் தெரியாது. சமநிலைக்கு மட்டும்தான் உதவும். மழைக்காட்டில் வாழ்வதால் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினித் தீவின் மாட்சி (Matschie) மரக் கங்காரு போன்ற சில இனங்களுக்கு முதுகில் மயிர் சுழியாகத் திரும்பியிருக்கும். குனிந்து சுருண்டு உட்காரும்போது மழைத்தண்ணீர் அந்த வழியே வழிந்து ஓடிவிடும்.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை நியூ கினியில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இரண்டே இனங்கள். கெய்ர்ன்ஸுக்கு வடக்கே டெய்ன்ட்ரீயிலிருந்து குக்டவுன் வரையிலான காடுகளில் பென்னட் மரக் கங்காரு. ஆண் 14 கிலோ வரை வளரும், ஆனால் பார்ப்பது மிகவும் கஷ்டம். இன்னொன்று கெய்ர்ன்ஸ் பக்கத்து ஆதர்ட்டன் மேட்டுநிலத்தின் லும்ஹோல்ட்ஸ் மரக் கங்காரு. 1880-களில் அந்தப் பக்கம் பயணம் செய்த நார்வேக்காரர் கார்ல் லும்ஹோல்ட்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாம் தேட வேண்டியது இதைத்தான். உடம்பு 52 முதல் 65 சென்டிமீட்டர், வால் 65 முதல் 74 சென்டிமீட்டர். எடை பெரும்பாலும் 5 கிலோவுக்கும் 9 கிலோவுக்கும் நடுவே. அதாவது வடக்கத்திக் கோலாவின் எடைதான், ஆனால் உருவமே வேறு. முகம் கறுப்பு, நெற்றியில் குறுக்கே வெளிறிய பட்டை, வயிறு சற்றுத் தொங்கும். இலை தின்னும் விலங்குகளுக்கு வயிறு பெரிதாக இல்லாமல் முடியாது.

தேடும்போது உருண்டை உடம்பைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இலைக்கூட்டத்தில் அது மறைந்துவிடும். கிளையிலிருந்து நேர்கோடாகக் கீழே தொங்கும் கறுத்த வாலைத்தான் தேட வேண்டும். கொடி தொங்குவதுபோல் தோன்றும், ஆனால் கொடி அவ்வளவு நேராக இருக்காது, நுனியில் மயிர்க்கற்றையும் இருக்காது. இறங்கும்போதும் அந்த வால்தான் முதலில் வரும். மரத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து இறங்கும். அவசரமானால் பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து அப்படியே தரைக்குக் குதித்துவிடும், ஒன்றும் ஆகாது. தரையில்தான் ஆபத்து. காடு துண்டு துண்டாகிவிட்டதால் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அது ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. காரிலும் நாயிடமும் சிக்கிச் சாவது அங்கே வாடிக்கையான செய்தி. எரிமலை மண்ணில் வளர்ந்த மாபி காடு என்ற மழைக்காட்டு வகை, இந்த விலங்குக்குப் பழங்குடிகள் வைத்த பெயராலேயே அறியப்படுகிறது. அந்தக் காட்டின் பெரும்பகுதியை விவசாயத்துக்காக வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

இடம்: கெய்ர்ன்ஸிலிருந்து மலையேறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் யங்கபரா. ஊரையொட்டி ஓடும் பீட்டர்சன் ஓடைக் கரையிலுள்ள மரங்களில் இது அடிக்கடி தென்படும். கொஞ்சம் தெற்கே, மலாண்டா பக்கத்தில் நெராடா தேயிலைத் தோட்டத்தின் மரங்களிலும் பகலிலேயே பார்க்கலாம். லும்ஹோல்ட்ஸ் இரவில்தான் அதிகம் நடமாடும் என்றாலும் பகலில் கிளைமேல் குனிந்து உட்கார்ந்திருப்பதும் இலை தின்பதும் உண்டு. கோலாவுக்குத் தேவையில்லாத ஒரு பொருள் இங்கே தேவை: பைனாகுலர். 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரணப் பைனாகுலர் போதும்.

கிளைடரும் போசமும்

கிரேட்டர் கிளைடர் அழகான விலங்கு, ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல. உடம்பு 35 முதல் 45 சென்டிமீட்டர், வால் அதைவிட நீளம், 60 வரை. மயிர் மண்டிக் கிடப்பதால் பெரிதாகத் தெரியும், எடை மட்டும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான். முழங்கையிலிருந்து கணுக்கால் வரை விரியும் தோலை வைத்து 100 மீட்டர் வரை காற்றில் சறுக்கிப் போகும். மற்ற கிளைடர்களுக்கு அந்தத் தோல் மணிக்கட்டு அல்லது விரல்வரை போகும். இது மட்டும் கைகளை மடித்து முகத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு முக்கோண வடிவில் பறக்கும். பகல் முழுக்க மரப்பொந்தில் கிடக்கும். அந்த அளவுக்குப் பொந்து விழ ஒரு மரத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், அதனால் முதுமரங்கள் போனால் இதுவும் போய்விடும். தெற்கத்தி இனத்தை 2022-இல் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ், விக்டோரியாவில் கிழக்கு கிப்ஸ்லாந்து ஆகிய இடங்களில், விஷயம் தெரிந்த வழிகாட்டியோடு இருட்டில் நடந்தால் பார்க்கலாம். இரவு நடைக்குப் பழகிய இளைஞர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரே ஒரு நாளை இதை நம்பி ஒதுக்க வேண்டாம்.

போசமுக்கு என்று பயணமே தேவையில்லை. புதர்வால் போசம், ஊரைப் பொறுத்து ஒன்றே கால் கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வரை இருக்கும், டாஸ்மேனியாவில்தான் பெரிசு. பெரிய காது, இளஞ்சிவப்பு மூக்கு, அடர்ந்த கறுத்த வால். இருட்டினதும் மெல்பர்ன் கார்ல்டன் கார்டன்ஸ் மரங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதில் பாதியளவும் இல்லாமல், வெள்ளை நுனி வாலைக் கம்பியில் சுற்றிக்கொண்டு வேலிமேல் நடப்பது ரிங்டெயில் போசம். பிள்ளைகள் வீட்டுக் கூரையில் ராத்திரி தடதடவென்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ரொட்டி, பிஸ்கட் எதுவும் போடாதீர்கள், அதன் வயிற்றுக்கு ஆகாது.

எனவே யாருக்கு எது

மெல்பர்னில் தங்கியிருக்கிறீர்கள், கூட வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ இருக்கிறார்கள், காட்டுக் கோலாவை இதுவரை பார்த்ததில்லை என்றால் ரேமண்ட் தீவுக்குப் போங்கள். அங்கே வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பு மிகக் குறைவு. பிரிஸ்பேனிலோ டவுன்ஸ்வில்லிலோ இருந்தால் மேக்னடிக் தீவு. சிட்னிக்காரர்கள் ஒரு வார இறுதியில் கிழக்கு விக்டோரியாவுக்கு இறங்கி வருவது நல்லது என்பது என் எண்ணம்.

பவளப்பாறை பார்க்க எப்படியும் கெய்ர்ன்ஸ் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு நாள் கூட்டிப் போட்டு யங்கபராவில் தங்குங்கள். கோலா உலகத்தின் பல மிருகக்காட்சி சாலைகளில் உண்டு. லும்ஹோல்ட்ஸ் மரக் கங்காருவைப் பார்க்க வேறு நாட்டில் இடம் தேடினாலும் கிடைப்பது அரிது. கோலாவின் உடம்பு மரத்துக்கென்றே அமைந்துவிட்ட உடம்பு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மரக் கங்காருவின் ஒவ்வொரு அசைவிலும் பழைய துள்ளலும் புதிய ஏற்றமும் சேர்ந்தே தெரிகின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

யங்கபராவுக்குப் போகும் காலம் மே முதல் அக்டோபர் வரை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே அடைமழை. நெராடாவுக்குப் போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். ஜிம்பி ஜிம்பி என்ற செடி அங்கே உண்டு, அதன் இதய வடிவ இலை மேலே உரசினால் வலி நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. பீட்டர்சன் ஓடைக்குச் சாயங்காலம் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அதே ஓடையில் வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்கும் வரும், இரண்டையும் ஒரே நடையில் பார்க்கலாம்.